காவல்நாய்க்குச் சோறு வைக்கும் இடம்

அலுவலகத்தில் அவள் கணவருக்கு நாய்க்காரர் என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், மனிதர் வீட்டில் நாலைந்து நாய் வளர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் வளர்த்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு வாலும் இல்லை, குரைப்பும் இல்லை. மருத்துவமனைகளில் ரத்தப் பைகளையும் மருந்துகளையும் வைக்கிற குளிர் அறைகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகைகளை அந்த நிறுவனம் செய்து விற்றது. ஒவ்வொரு பலகைக்குள்ளும், மற்ற எல்லாவற்றையும் ஓட்டுகிற அடிப்படை மென்பொருளாக, ஒரு சின்ன கெர்னல். அந்தக் கெர்னலில் வாட்ச்டாக், அதாவது காவல்நாய், என்ற பகுதி அவருடைய பொறுப்பு.

பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. இறங்கிக்கொண்டே வருகிற ஓர் எண், அவ்வளவுதான். மென்பொருள் நன்றாக இருக்கிறவரை அவ்வப்போது அந்த எண்ணைத் திரும்ப மேலே ஏற்றிவிட வேண்டும். இதைத்தான் நாய்க்குச் சோறு வைப்பது என்பார்கள். மென்பொருள் எங்காவது சிக்கி மூச்சுப்பேச்சில்லாமல் நின்றுவிட்டால் சோறு வைக்க ஆள் இருக்காது. எண் பூஜ்யத்தைத் தொடும். நாய் பாய்ந்து மொத்த இயந்திரத்தையும் கீழே தள்ளி, முதலிலிருந்து எழுப்பிவிடும்.

அவளும் அதே தளத்தில்தான் வேலை பார்த்தாள். கெர்னலில் யார் ஒரு வரியை மாற்றினாலும் அவள் படித்து ஒப்புக்கொள்ளாமல் அது உள்ளே போக முடியாது. ஆக, புருஷன் எழுதுவதைப் பெண்டாட்டி திருத்துவாள். "வீட்லயும் இப்படித்தானா?" என்று யாராவது சீண்டினால், "வீட்ல நான் எழுதறதே இல்லைங்க, எல்லாம் வாய்மொழி உத்தரவுதான்" என்பார் அவர். அது முன்பு. இப்போதெல்லாம் யாரும் சீண்டுவதில்லை. சீண்டினாலும் அவர் பதிலுக்கு லேசாகத் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்ப்பார்.

அவர் அம்மா வருஷக்கணக்காகப் படுக்கையில் இருந்தார். மாமியார் என்று பெயருக்குத்தான்; அவள் அத்தை என்று கூப்பிட்டு, மகளைப் போலப் பார்த்துக்கொண்டாள். கணவன் மனைவி இருவரும் முறைவைத்து லீவு போட்டார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். அந்த வருஷங்களில் அவர்கள் பேசியதெல்லாம் அத்தையைப் பற்றித்தான். மாத்திரை குடுத்தாச்சா. துணி மாத்தியாச்சா. திருப்பிப் போட்டாச்சா. நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன். ஒரு குடும்பம் ஓடுவதற்கு அவ்வளவு பேச்சே போதுமானதாக இருந்தது. போன கோடையில் அத்தை போனபோது, அந்தப் பேச்சும் கூடவே போய்விட்டது.

இருவருமே அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள், "பாவம், ரெண்டு பேரும் களைச்சுப் போயிருக்காங்க. அப்புறமா வரும்" என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். இவர்களும் அப்புறமாக வரும் என்று இருந்தார்கள். கோடை போய், மழை வந்து, மழையும் போய்விட்டது.

படுக்கைப்புண் வராமல் அத்தையைப் பக்கம் மாற்றிப் போட வேண்டும் என்பதற்காகக் கூடத்து மேஜையில் ஒரு பழைய போனில் அலாரம் வைத்திருந்தார்கள். அது இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எழுந்து போய் அமர்த்திவிட்டு வருவார்கள். ஒரேயடியாக நிறுத்திவிடலாமே என்று இருவருக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியதைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வேறொரு ஊரில் திறந்திருக்கும் புதுக் கிளைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவளுடைய அக்கா இருக்கிற ஊர். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"போகட்டுமா?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்."

குழாயை மூடினார். கையைத் துடைத்தார். துவட்டும் துணியை மடித்துக் கம்பியில் போட்டுவிட்டு, அவளுக்கு இடித்துவிடாமல் ஒதுங்கிக் கடந்து போனார். ஒரு பாத்திரத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அவள் அதை அலசி வைத்தாள்.

அவர் போகாதே என்று சொன்னால் இருந்துவிடுவது, சொல்லாவிட்டால் போய்விடுவது என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு. போனால் திரும்பி வரப்போவதில்லை என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அதை நினைத்தால் உள்ளே ஏதாவது ஆக வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ வீடு மாற்றுவதைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மேலாளர் எல்லாரையும் கூட்டினார். எங்கோ ஒரு மருத்துவமனையில் குளிர் அறை சனி, ஞாயிறு முழுக்கச் சூடாகிப் போயிருந்தது. உள்ளே இருந்த அத்தனையையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"கதவுக்கு வெளிய திரையில நாலு டிகிரின்னு காட்டுது. கதவத் திறந்தா வேர்த்துக் கொட்டுது. ரெண்டு நாளா! அலாரம் இல்ல, ரீசெட் இல்ல. நம்ம நாய் அப்படி என்னதான் பண்ணிட்டு இருந்துச்சு?"

"சாப்பிட்டுட்டு இருந்துச்சு" என்றார் அவள் கணவர்.

அறை முழுக்கச் சிரித்தது. மேலாளர்கூடச் சிரித்துவிட்டார். அவள் கணவர் சிரிக்கவில்லை. அவர் ஜோக் அடிக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

நடந்தது இதுதான். எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர், நாய்க்குச் சோறு வைக்கிற வரியை டைமரின் உள்ளே எழுதி வைத்திருந்தார். டைமர் என்பது நாடித்துடிப்பு மாதிரி. கெர்னலில் என்ன நடந்தாலும், எதுவுமே நடக்காவிட்டாலும், அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். வெப்பநிலையைப் பார்க்கிற வேலை (கெர்னலில் ஓடும் ஒவ்வொரு நிரலையும் வேலை என்பார்கள்) சனிக்கிழமை காலையிலேயே எங்கோ சிக்கிச் செத்துப்போய்விட்டது. கடைசியாக அது சொன்ன நாலு டிகிரி திரையில் அப்படியே நின்றது; அதை நம்பிக் குளிரூட்டியும் ஓடாமல் இருந்துவிட்டது. டைமர் துடித்தது, சோறு விழுந்தது, நாய் நிம்மதியாகத் தின்றது.

"இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணணும்" என்றார் மேலாளர். "எழுதறது நீங்க. பாக்கறது அவங்க. குடும்ப விஷயம், சீக்கிரம் முடிச்சிடுவீங்க."

செவ்வாய்க்கிழமை முதல் திருத்தம் வந்தது. சோறு வைக்கிற வரியை டைமரிலிருந்து பிடுங்கி, அதற்கென்றே தனியாக ஒரு வேலையை உருவாக்கி, மற்ற வேலைகளெல்லாம் ஓய்ந்திருக்கும்போது கடைசியில் ஓடும்படி வைத்திருந்தார். அவள் படித்துவிட்டு எழுதினாள்: "கெர்னலுக்கு ஓய்வு நேரம் இருக்கிறது என்பதைத்தான் இது நிரூபிக்கிறது. வெப்பநிலை வேலை உயிரோடு இருக்கிறதா என்பதை இல்லை."

பதில் வந்தது: "சரி. மாற்றுகிறேன்."

மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து கேட்டிருக்கலாம். அவளும் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.

மதியம் அக்கா போன் செய்தாள். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள்.

"என்னடி, முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"மாடி ரூம காலி பண்ணி வச்சுட்டேன். உங்க மாமா அங்க தொட்டி வச்சுச் செடி வளக்கறேன்னு நிக்கறார். சீக்கிரம் சொல்லு, இல்லன்னா காடாக்கிடுவார்."

"சொல்றேன்."

"அவர் என்ன சொல்றார்?"

"எனக்குத் தோணறபடி செய்யச் சொன்னார்."

"அதெல்லாம் ஒரு பதிலா? துணிக்கடைக்காரன்கூட இதவிட அக்கறையாப் பேசுவான். நீ என்ன கேட்டே?"

"போகட்டுமான்னு கேட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நல்ல ஜோடிடி. உங்க ரெண்டு பேர் நடுவுல பனிக்கட்டிய வச்சா, அது ஸ்வெட்டர் கேக்கும்."

அவளுக்குச் சிரிக்கத் தெரிந்தது. சிரித்தாள். அக்கா திருப்தியோடு போனை வைத்தாள். படியில் யாரோ ஏறி வந்தார்கள், அவள் காலை மடக்கி வழிவிட்டாள். அப்புறமும் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எதையும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை இரண்டாவது திருத்தம். இந்த முறை வேலைப்பாடு நன்றாக இருந்தது. கெர்னலில் ஓடுகிற ஒவ்வொரு வேலையும், வெப்பநிலை பார்ப்பது, விசிறி ஓட்டுவது, கதவைக் கவனிப்பது, திரையில் எழுதுவது என்று எல்லாமே தன் சுற்றில் ஒரு முறை, உயிரோடுதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அத்தனை கையெழுத்தும் சேர்ந்தால்தான் நாய்க்குச் சோறு. ஒருவர் விட்டாலும் நாய் பட்டினி. அவள் இரண்டு முறை படித்தாள். ஏதோ ஒன்று உறுத்தியது, எதுவென்று பிடிபடவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கணவரையும் கூட்டிக்கொண்டு பின்பக்க அறைக்குப் போனாள்.

பின்பக்க அறையில் பலகைகளைச் சோதிக்கிறவரை எல்லாரும் பெஞ்சுக்காரர் என்பார்கள். மேஜை முழுக்க ஒயர், ஒயருக்கு நடுவில் அவர். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"வாங்க வாங்க. நாய்க்காரரும் வந்தாச்சு, நாய்க்கு வைத்தியம் பாக்கற டாக்டரம்மாவும் வந்தாச்சு. யாருக்கு ஊசி?"

"சென்சார் ஒயரப் பிடுங்குங்க" என்றாள் அவள்.

"எடுத்த எடுப்புலயே ஆபரேஷனா?" பெஞ்சுக்காரர் ஒயரைப் பிடுங்கினார். மூவரும் பலகையைப் பார்த்தார்கள். திரையில் நாலு டிகிரி. அவள் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பலகை இந்நேரம் அணைந்து விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

"மூஞ்சியப் பாருங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி நாலுங்குது" என்றார் பெஞ்சுக்காரர். "என் மச்சான் ஒருத்தன் இப்படித்தாங்க. வேலை போயி மாசக்கணக்காச்சு. தினம் காலையில டிபன் பாக்ஸத் தூக்கிட்டுக் கிளம்பிடுவான். சாயங்காலம் வந்து, ஆபீஸ்ல ஏசி சரியில்லன்னு என் தங்கச்சிகிட்ட குறை வேற சொல்லுவான்."

யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார்.

அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. மடிக்கணினியைத் திருப்பிக் கணவரிடம் காட்டினாள். "இங்க பாருங்க. வெப்பநிலை வேலை சுத்து ஆரம்பிச்ச உடனே கையெழுத்துப் போட்டுடுது. அப்புறம்தான் சென்சார்கிட்ட கேக்குது. சென்சார் பதில் சொல்லலன்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு, பழைய எண்ணையே எடுத்துக்கிட்டு, மறுபடி மேல வந்து கையெழுத்துப் போடுது."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் தலையின் பின்பக்கம் நரைத்திருப்பதை அவள் கவனித்தாள். எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

"எங்க வைக்கணும்?" என்று கேட்டார்.

"புதுசா ஒரு எண் வந்ததுக்கு அப்புறம்."

"வரலன்னா?"

"கையெழுத்து கிடையாது."

"விழுந்துடும்."

"விழட்டும்."

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரிஞ்சு போகும். பலகை விழுது, பலகை விழுதுன்னு தினம் போன் வரும்."

"தெரியட்டுமே."

அவர் நிமிர்ந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். பெஞ்சுக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பிடுங்கிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு, வாயை மூடிக் காத்திருந்தார்.

"சரி, மாத்திடறேன்" என்றார் அவர்.

வியாழக்கிழமை மூன்றாவது திருத்தம் வந்தபோது அதில் ஒரு கேள்வியும் இருந்தது. வழக்கமாக அவர் கேட்பதில்லை. "கையெழுத்து வராவிட்டால் உடனே தள்ளிவிடுவதா? அல்லது தள்ளுவதற்குச் சற்று முன்னால் கெர்னலுக்கு ஓர் எச்சரிக்கை கொடுப்பதா? இந்தச் சிப்பில் அந்த வசதி இருக்கிறது. நாம் பயன்படுத்தியதில்லை."

அவள் சிப்பின் கையேட்டை எடுத்துப் படித்துப் பார்த்தாள். இருந்தது. எழுதினாள்: "எச்சரிக்கை வேண்டும். வெறுமனே விழுந்து எழுந்தால், யார் பேசாமல் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் அதைப் பதிந்துவிட்டு விழட்டும்."

"அந்த இடைவெளியில் அவர் பேசிவிட்டால்? விட்டுவிடலாமா?"

இதற்குப் பதில் எழுதக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நியாயமான கேள்விதான். தாமதமாக வந்த கையெழுத்தை ஏற்றுக்கொள்ளலாமா கூடாதா என்பதற்கு இரண்டு பக்கமும் வாதம் உண்டு. ஏற்றுக்கொண்டால், எப்போதும் தாமதமாகவே வருகிற ஒருவர் கண்ணில் படாமலே காலம் தள்ளிவிடுவார். ஏற்காவிட்டால், அந்த ஒரு முறை நிஜமாகவே மூச்சுத் திணறி எழுந்து வந்தவரையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். மூன்று மேஜை தள்ளி அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

"புது எண்ணோடு வந்தால் விட்டுவிடலாம்" என்று எழுதினாள். "ஆனால் தாமதமானதைப் பதிந்துவைக்க வேண்டும்."

வெள்ளிக்கிழமை மதியம் பெஞ்சுக்காரர் ஒயரைப் பிடுங்கினார். திரையில் நாலு டிகிரி சற்று நேரம் நின்றது. பிறகு திரை அணைந்தது. பலகை விழுந்து எழுந்தது. எழுந்ததும் முதல் வரியில், வெப்பநிலை வேலை பதில் சொல்லவில்லை என்று எழுதியது. அலாரம் அலறியது. பெஞ்சுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பாடா, வாயத் திறந்துச்சுடா சாமி!" என்று கத்தினார். அவள் தன் இடத்துக்கு வந்து ஒப்புதல் கொடுத்தாள். மேலாளர் இருவர் மேஜைக்கும் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் இருவரும் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாலத்துக்கு முன்னால் நெரிசல். பக்கத்து வண்டியில் ஒரு பெண் கண்ணாடி பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். சிக்னல் விழுந்தது, நகர்ந்தார்கள்.

வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். போன் கையில் இருந்தது. புதுக் கிளையில் இன்னும் ஆட்கள் இருப்பார்கள். ஒரு வரி அனுப்பினால் போதும். அவர் உள்ளே போகாமல் நின்றார். கார்ச் சாவியைக்கூட இன்னும் மாட்டவில்லை.

திரும்பவும் போகட்டுமா என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்கு என்ன பதில் வரும் என்பது கேட்கும் முன்பே காதில் விழுந்துவிட்டது. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான் வரும். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. உள்ளே எட்டிப் பார்க்காமலே பதில் சொல்லக்கூடிய கேள்வியைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போயிட்டா உனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தார். வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் வந்து, தெருமுனையில் தேய்ந்து போனது. அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. காத்திருப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை.

"போகாத" என்றார்.

வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் கேட்க நினைத்த சொல் அதுதான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்ன, கோடையிலிருந்தே. அது உள்ளே இறங்கி எதையாவது தொடும் என்று பார்த்தாள். எதையும் தொடவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால், சத்தமே வராததுபோல் இருந்தது.

பொய் சொல்லியிருக்கலாம். சரி என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டிருக்கலாம். இந்த வீட்டில் அது போதும்.

"நீ சொன்னது கேட்டுச்சு" என்றாள். "எனக்கு உள்ள ஒண்ணுமே ஆகல."

அவர் முகத்தில் வருத்தம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. நெற்றிதான் லேசாகத் தளர்ந்தது.

"எனக்கும்தான்" என்றார். "சொன்னா ஏதாவது ஆகும்னு நெனச்சேன்."

அறை இருட்டத் தொடங்கியது. விளக்கைப் போட யாரும் எழவில்லை.

"அம்மா போனப்பவும் இப்படித்தான்" என்றார் அவர். "இப்ப வரும், இப்ப வரும்னு உக்காந்திருந்தேன். வரல. அத உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ அவ்ளோ பாத்தே. பெத்த புள்ள நான், எனக்கு ஒண்ணும் வரலன்னு எப்படிச் சொல்றது?"

"உங்கம்மாவாச்சே, நீ முதல்ல அழுவேன்னு நான் காத்திட்டிருந்தேன்" என்றாள் அவள். "நீ அழுதா அப்புறம் நானும் அழலாம்னு."

"நல்ல வரிசைதான்."

"ஆமா."

"அப்ப போறியா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். இருப்பதில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை. போவதிலும் தெரியவில்லை. ஆனால் எனக்கும்தான் என்று அவர் சொன்ன அந்தச் சொல் பழையது இல்லை. இன்றைக்கு, இப்போது, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது. அதே மாதிரி ஒரு சொல்லை அக்கா வீட்டு மாடி அறையில் யார் சொல்லப் போகிறார்கள்?

புதுக் கிளைக்கு, வர இயலவில்லை என்று ஒரு வரி அனுப்பினாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள்.

"வரலக்கா."

"ஏன்டி? என்ன ஆச்சு? என்ன சொன்னார்?"

"போகாதன்னார்."

"அப்பாடா! பாத்தியா, மனுஷனுக்கு உள்ளுக்குள்ள பாசம் இருக்கு. உடனே உனக்கு மனசு உருகிடுச்சாக்கும்?"

"இல்ல. ஒண்ணும் ஆகல. அவருக்கும் ஒண்ணும் ஆகலன்னார்."

"இருடி. அவருக்கும் ஒண்ணும் ஆகல, உனக்கும் ஒண்ணும் ஆகல. அதனால வரலங்கறியா?"

"ஆமாக்கா."

"எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கப் போகுது. உங்க மாமாகிட்ட செடிய எடுத்துட்டு மேல போகச் சொல்றேன்." அக்கா இன்னும் என்னென்னவோ சொன்னாள். திட்டி முடித்தபோது அவள் குரல் உடைந்திருந்தது. சொல்லிக்கொள்ளாமல் போனை வைத்துவிட்டாள்.

அவர் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "அக்கா திட்டினாங்களா?"

"ம். கல்லுன்னாங்க."

"யார?"

"ரெண்டு பேரையும்தான்."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் அசைந்தது போலிருந்தது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறுத்து எழுந்தாள்.